வெனிலா பைப் புகையிலை: பாக்கெட்டில் மணக்கிறது, வாயில் எரிகிறது, ஏன்?

கல்மண்டபத்தான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் வீடு, வயது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் லீவுக்கு வந்தபோது பிரையர் என்ற கட்டையில் செய்த ஒரு பைப்பும் 50 கிராம் வெனிலா புகையிலைப் பாக்கெட்டும் கொடுத்துவிட்டுப் போனான். பிரித்ததும் கூடம் முழுக்க வெனிலாவும் வெல்லமும் கலந்த மணம். "கேக் வாங்கினு வந்தியாடா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

பற்றவைத்த பிறகு அந்த மணம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. முதல் சில இழுப்பில் லேசாக ஒரு இனிப்பு. அப்புறம் வெறும் சூடான ஆவிதான். நாக்கு நுனி சுரீரென்று எரிகிறது. பாதி பவுல் (புகையிலை அடைக்கும் கிண்ணம்) தாண்டுவதற்குள் தண்டுக்குள் தண்ணீர் தேங்கி குர்குர் என்று சத்தம். நின்று நின்று அணைந்துவிடுகிறது. பாக்கெட்டில் என்னவோ 'மைல்ட்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறான்.

சாயங்காலம் மொட்டை மாடியில், ஹார்பர் பக்கம் பார்த்து நின்றுகொண்டுதான் பிடிக்கிறேன். கோளாறு சரக்கிலா, பைப்பிலா, என்னிடமா?

பெரம்பூர் லோகோ

தண்ணீரில், தம்பி. சரக்கு எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இந்த மாதிரி வாசனைக் கலவையில் பெரும்பாலும் வர்ஜீனியா, பர்லி, பிளாக் கேவண்டிஷ் மூன்றும் ஏதோ ஒரு விகிதத்தில் இருக்கும். வர்ஜீனியாவைக் கொட்டகைக்குள் சூடேற்றிச் சில நாளிலேயே உலர்த்திவிடுவார்கள். அதனால் இலையின் சர்க்கரை உள்ளேயே தங்கிவிடும். பக்கத்தில் ஆந்திராவில், குண்டூர், பிரகாசம், ராஜமுந்திரி வட்டாரத்தில் பெருவாரியாக விளைவது இந்த ரகம்தான். புகையிலை வாரியத்தின் தலைமை அலுவலகமும் குண்டூரில் இருக்கிறது. பர்லியை நிழலில் வாரக்கணக்கில் காற்றாடத் தொங்கவிடுவார்கள். காய்ந்து முடிப்பதற்குள் சர்க்கரை அநேகமாகப் போய்விடும், ஆனால் எதைத் தெளித்தாலும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். கேவண்டிஷுக்கென்று தனிச் செடி கிடையாது. ஏதாவது ஒரு இலையை இனிப்புக் கரைசலில் நனைத்து, ஆவி காட்டி, அழுத்தி வைத்துப் பக்குவப்படுத்துவது. ஆவியை நன்றாக ஏற்றினால் கன்னங்கரேலென்று ஆகி, இலையின் சொந்தக் குணம் அடங்கிப்போகும். பாக்கெட்டில் மைல்ட் என்று போடுவது பெரிதும் இதை நம்பித்தான்.

கடைசியில் மேலே வெனிலா, செர்ரி, விஸ்கி என்று வாசனை தெளிப்பார்கள். அது காய்ந்து பறந்துவிடாமல் இருக்க புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பது வழக்கம். ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஆக, உங்கள் கைக்கு வருவதே ஈரமான சரக்கு. நீங்கள் இருப்பதோ கடலோரம். அதை அப்படியே எடுத்து அடைத்துக் கொளுத்தினால் முதலில் வேகிறது தண்ணீர்தான். அந்த ஆவி நாக்கைச் சுடுகிறது, தண்டுக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகத் தேங்குகிறது. அணைகிறதே என்று நீங்கள் இன்னும் பலமாக இழுக்கிறீர்கள், சூடு இன்னும் ஏறுகிறது.

ஒரு பவுலுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, கட்டிகளைப் பிரித்து, செய்தித்தாளில் மெல்லிசாகப் பரப்பி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். கடிகாரம் பார்க்காதீர்கள், விரலால் பாருங்கள். ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலால் அழுத்திவிட்டு விடுங்கள். உருண்டையாகவே கிடந்தால் இன்னும் ஈரம். மெதுவாகப் பிரிந்து விரிந்தால் சரி. மொறுமொறு என்று ஆகட்டும் என்று காத்திருந்தால் இந்த ஜென்மத்தில் ஆகாது, கிளைக்கால் விடாது. தொட்டால் கொஞ்சம் பிசுக்கென்றுதான் இருக்கும்.

எண்ணூர் உப்புக்காத்து

லோகோ அண்ணன் சொன்னதில் எல்லாம் சரி, ஒன்றை விட்டுவிட்டார். கல்மண்டபத்து மாடி!

சாயங்காலக் கடல் காற்றில் நின்று பைப் பிடிப்பது கொல்லன் துருத்தியை பவுலுக்கு மேலே வைத்து ஊதுகிற மாதிரி. நீங்கள் இழுக்காவிட்டாலும் காற்று இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு பக்கம் மட்டும் கரியாக எரிந்து இறங்கும். பவுலைக் கையில் பிடித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் கை தாங்காத சூடு இருந்தால் உள்ளே நடப்பது வேறு கதை. தண்ணீர் டாங்க் மறைவில் உட்காருங்கள். இல்லையென்றால் துளை போட்ட சின்ன மூடி, காற்று மூடி என்று பைப்புக்கென்றே வருகிறது, அதைப் போடுங்கள். நம் ஊரில் கிடைக்காவிட்டால் மச்சானிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, உங்கள் மாடியில் வெனிலா தெரியவில்லை என்கிறீர்கள். காசிமேட்டு மீன்வாடைக் காற்று அடிக்கும் இடத்தில் வெனிலாவைத் தேடுகிறீர்களே ஐயா.

வண்ணை வாசி

😂 எங்கள் பக்கம் வந்தால் மணலி ரிஃபைனரிக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

அடைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லவில்லை. மூன்று தடவையாக அடைக்க வேண்டும். முதலில் பவுல் நிறையத் தூவி, குழந்தை கை வைத்த மாதிரி லேசாக அமுக்க வேண்டும். மறுபடி நிரப்பி, பெண் கை அளவுக்கு. மூன்றாவது ஆண் கை. இது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சொல்லிவரும் கணக்கு, நான் எழுதியதில்லை, இதற்காக யாரும் சண்டைக்கு வராதீர்கள். அடைத்து முடித்ததும் தீ வைக்காமலே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். காற்று தாராளமாக வந்தால் போதும். கஷ்டப்பட்டு உறிஞ்ச வேண்டியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி அடையுங்கள். ஈரச் சரக்கை இறுக்கி அடைத்தால் எந்தச் சாமியாலும் எரியவைக்க முடியாது.

தீக்குச்சிதான் நல்லது. பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அந்த வாடை மேல்வாசனையைக் கெடுத்துவிடும். குச்சியைக் கிழித்ததும் மருந்து எரிந்து முடியட்டும், அதன் பிறகு பவுலுக்குக் கொண்டுபோங்கள். சுற்றிச் சுற்றிக் காட்டினால் மேலே உள்ள இலைகள் சுருண்டு எழும்பி அணைந்துவிடும். அணையட்டும். அது முதல் தீ. எழும்பியதை லேசாக அமுக்கிச் சமன் செய்துவிட்டு இரண்டாவது குச்சி போடுங்கள், அதுதான் நிற்கும். அமுக்குவதற்கென்று கருவி விற்கிறார்கள். என்னிடம் இருப்பது தட்டைத் தலை வைத்த மூன்று இஞ்ச் ஆணி. வண்ணாரப்பேட்டை ஹார்டுவேர் கடையில் வாங்கியது.

மூலக்கொத்தளம்

நான் புகைப்பவன் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். மைல்ட், வெனிலா, செர்ரி என்று பேசிக்கொண்டே போகிறீர்கள், வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு வார்த்தை வரவில்லையே?

எங்கள் அப்பா சிகரெட்டை விட்டுவிட்டு, இது பரவாயில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு பைப்புக்கு மாறினார். முப்பது வருடம் நுரையீரலுக்கு இழுத்துப் பழகியவர். பைப்பை மட்டும் வாயோடு நிறுத்துவாரா? அதையும் உள்ளேதான் இழுத்தார். கையில் இருக்கும் சாமான் மாறியது, வேறு எதுவும் மாறவில்லை.

பெரம்பூர் லோகோ

மூலக்கொத்தளம் சார், மருந்து என்று இங்கே யார் சொன்னது? தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னோம். எரிச்சல் ஏன் வருகிறது என்று கேட்டவரிடம் பிரசங்கம் செய்தால் அவர் வேறு எங்காவது போய்த் தப்பாகக் கற்றுக்கொள்வார். வாயில் வைத்து விடுவதற்கும் சிகரெட்டுக்கும் வித்தியாசம் இல்லையென்று நீங்கள் சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூலக்கொத்தளம்

வித்தியாசம் இருக்கிறது. அதையே சொல்கிறேன், கேளுங்கள்.

சிகரெட்டுப் புகை அமிலத்தன்மை உள்ளது. அதிலுள்ள நிக்கோட்டின் வாய்ச் சவ்வு வழியாக அவ்வளவாக இறங்காது, அதனால்தான் நுரையீரல்வரை இழுக்க வேண்டியிருக்கிறது. பைப், சுருட்டுப் புகைக்குக் காரத்தன்மை கூடுதல். பர்லி போலக் காற்றில் உலர்த்திய இலையில் அது இன்னும் தூக்கல். உள்ளே இழுக்காமல் வாயில் வைத்துக்கொண்டாலே நிக்கோட்டின் ரத்தத்தில் கலந்துவிடும். ஆகையால் 'நான் உள்ளே இழுப்பதில்லை, எனக்குப் பழக்கம் ஒட்டாது' என்பது நடக்காத காரியம். புகை எங்கே தங்குகிறதோ அங்கே அடி விழுகிறது: உதடு, நாக்கு, கன்னத்தின் உட்பக்கம், தொண்டை, உணவுக்குழாய். பைப் மட்டும் பிடிப்பவருக்கு நுரையீரல் ஆபத்து சிகரெட்காரரைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் புகைக்காதவரைவிட அதிகம். என் அப்பா மாதிரி சிகரெட்டிலிருந்து மாறியவர்களுக்கு அந்தக் குறைவும் முழுதாகக் கிடைக்காது.

இன்னொன்று, வெனிலா தெளித்ததால் கார்பன் மோனாக்சைடும் தாரும் குறையாது. கேவண்டிஷ் பக்குவத்தில் அடங்குவது இலையின் கடுமை. எரியும்போது உண்டாவதை அது ஒன்றும் செய்யாது. அப்பாவுக்கு நாக்கோரத்தில் வெள்ளையாகப் படிந்தது, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய இடம். அந்த வெளிநோயாளர் வரிசையில் ஒரு காலை வேளை உட்கார்ந்துவிட்டு வந்து இந்த இழையைத் தொடருங்கள், லோகோ சார்.

பெரம்பூர் லோகோ

அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

மூலக்கொத்தளம்

நன்றாக இருக்கிறார். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்கள். பைப்பைத் தூக்கி அலமாரியில் வைத்தாயிற்று.

பெரம்பூர் லோகோ

சந்தோஷம். நீங்கள் எழுதியது மறுக்க முடியாதது, என் பதிலில் இருந்த சூட்டை விட்டுவிடுங்கள். நானும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் வாயைக் காட்டிவிடுகிறேன். வெள்ளையோ சிவப்போ படிந்திருந்தால், ஆறாத புண் இருந்தால் வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

பி அண்ட் சி சங்கு

புளியந்தோப்பிலிருந்து ஒரு கிளைக்கதை. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

என் தாத்தா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர். அவர் காலத்து ஃபோர்மேன் ஒருவர் ஆங்கிலோ இந்தியர், ரயில்வே காலனியில் குவார்ட்டர்ஸ். எப்போதும் வாயில் பைப். ஷாப் ஃப்ளோரில் ஆயில் வாடை, உலோகத்தூள் வாடை, இதற்கு நடுவில் திடீரென்று இனிப்பாக ஒரு புகை மணம் வந்தால் போதுமாம். பீடியைக் காலடியில் போட்டு மிதித்துவிட்டு எல்லாரும் வேலையில் மூழ்கிவிடுவார்களாம். மனிதர் வருவதற்கு முன்னால் மணம் வந்துவிடும். அவருக்கு மட்டும் ஏன் தன் வருகை எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிகிறது என்பது கடைசிவரை புரியவில்லை என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார்.

கல்மண்டபத்தாரின் கேள்வியில் ஒரு பாதிக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். வாசனைப் புகையிலையின் வாசனை பக்கத்தில் இருப்பவனுக்குத்தான். பிடிக்கிறவன் மூக்கு சில நிமிடத்தில் பழகிப்போகிறது, நாக்கு சூட்டில் மரத்துப்போகிறது. அவனுக்கு மிஞ்சுவது கொஞ்சம் இனிப்பு, நிறையப் புகை.

வாசனை ஏற்றுவது என்னவோ வெள்ளைக்காரன் வித்தை என்று நினைக்க வேண்டாம். பன்னீர்ப் புகையிலை நம் பெட்டிக்கடைகளில் எந்தக் காலத்திலிருந்தோ தொங்குகிறது. மெல்லுகிற புகையிலைக்கு வெல்லத் தண்ணீர் தெளிப்பது இங்கே பழைய பழக்கம். சுருட்டு என்றால் உறையூரும் திண்டுக்கல்லும். விக்டோரியா ராணி காலத்து லண்டனில் திருச்சி சுருட்டு பேர் போனது.

ஜி.என்.டி. ரோடு

யாருக்காவது வேண்டுமானால் ஃபாரின் சரக்கு என்னிடம் மலிவாக

*(நெறியாளர்: இந்தப் பதிவின் மீதி நீக்கப்பட்டது. இங்கே புகையிலை விற்பனையோ விலைப் பேச்சோ கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த இழை அல்ல.)*

பாரிமுனை டிராம்

நெறியாளர் சரியாகச் செய்தார். மலிவு சரக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் சட்டப்படி விற்கிற எந்தப் புகையிலைப் பாக்கெட்டிலும் 2016 முதல் முன்னும் பின்னும் 85 சதவீத இடத்துக்குப் படத்தோடு எச்சரிக்கை இருக்க வேண்டும். கேப்டன் பிளாக், போர்க்கும் ரிஃப், மேக் பாரன் என்று பேர் போட்டுப் பளபளவென்று ஒரு பாக்கெட், எச்சரிக்கைப் படமே இல்லாமல் கடையில் கிடைத்தால் அது பெரும்பாலும் வரி கட்டாமல் உள்ளே வந்ததாக இருக்கும். உள்ளே இருப்பது அந்தச் சரக்குதானா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. எங்கள் பக்கம் ஒரு கடையில் நான் வாங்கியதில் மேல்மடிப்பைத் திறந்தால் பூசணம். வெள்ளையாகப் பஞ்சு மாதிரிப் படர்ந்து, ஈரத்துணி வாடை. பூசணம் கண்டால் மேலே எடுத்துப் போட்டுவிட்டுக் கீழே உள்ளதைப் பிடிக்கலாம் என்று பார்க்காதீர்கள், மொத்தமும் குப்பைக்கு.

பர்மா பஜார் 1969இல் பர்மா அகதிகளுக்காக வந்த காலத்திலிருந்து ஃபாரின் சாமான் என்றால் அங்கே ஓடுவது நம் பழக்கம். இந்த விஷயத்தில் ஓட வேண்டாம். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடப் போங்கள்.

போர்க்கும் ரிஃப் என்றதும் ஞாபகம் வந்தது. வட கடலில் ஜெர்மனியின் போர்க்கும் தீவுக்குப் பக்கத்தில் நின்ற விளக்குக் கப்பலின் பெயர் அது. மச்சான் கப்பல்காரர் என்றீர்களே, அவரிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பக்கம் போயிருப்பார்.

எண்ணூர் உப்புக்காத்து

பைப்பைச் சுத்தம் செய்வது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வாசனைச் சரக்கில் இதுதான் பாதி வேலை. குர்குர் சத்தம் வந்தவுடனே பைப் கிளீனரை, அதாவது பஞ்சு சுற்றிய கம்பியை, வாய்ப்பக்கம் வழியாக உள்ளே விட்டு ஈரத்தை எடுங்கள். சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றக் கூடாது, சொருகு உடைந்துவிடும். பிடித்து முடித்ததும் சாம்பலைக் கொட்டி, ஆறிய பிறகு கழற்றித் துடைத்து, ஒரு நாளாவது சும்மா விடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள். பிரையர் கட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அது காய்ந்தால்தான் அடுத்தது ருசிக்கும். பவுலின் உள்சுவரில் கரி படியும். 1 மில்லிமீட்டர் கனம்வரை விடலாம், கட்டைக்கு அது காப்பு. அதற்கு மேல் போனால் சுரண்ட வேண்டும். வாசனைச் சரக்கின் கரி மெதுவாகத்தான் ஏறும், கொஞ்சம் பிசுபிசுப்பாகவும் இருக்கும்.

வெனிலாவுக்கென்று ஒரு பைப்பை ஒதுக்கிவிடுங்கள். அதே பைப்பில் வேறு எதைப் போட்டாலும் வெனிலா எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டாவதாக வாங்குவதென்றால் மக்காச்சோளத் தக்கையில் செய்தது போதும். அமெரிக்காவில் மிசூரியில் 1869லிருந்து செய்கிறார்கள். விலை குறைவு, ஈரத்தையும் நன்றாக இழுத்துக்கொள்ளும்.

கல்மண்டபத்தான்

எல்லாருக்கும் நன்றி. உலர்த்திப் பார்த்தேன். ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு டீ குடித்து, பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, திரும்ப வந்து சிட்டிகை எடுத்துப் பார்த்தபோது மெதுவாகப் பிரிந்தது. டாங்க் மறைவில் உட்கார்ந்தேன். குர்குர் இல்லை. நாக்கு எரிச்சல் இருக்கிறது, ஆனால் முன்பு மாதிரி இல்லை. மெதுவாக இழுத்தால்தான் அந்த இனிப்பே தெரிகிறது, வேகம் பிடித்தால் உடனே கசக்கிறது. ஒரு கட்டத்தில் அணைந்தது, அப்படியே விட்டுவிட்டு அப்புறமாகப் பற்றவைத்தேன்.

வாசனை விஷயத்தில் சங்கு சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழ்வீட்டு அக்கா மாடிப்படி ஏறி வந்து, "இன்னா தம்பி, பாயாசமா?" என்று கேட்டார்.

மூலக்கொத்தளம் எழுதியதையும் படித்தேன், இரண்டு தடவை. பையன் மாடிக்கு வரும் நேரத்தில் பைப்பை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பாக்கெட் தீர்ந்த பிறகு மச்சானிடம் இன்னொன்று கேட்பேனா என்பது தெரியாது. ஒரு சந்தேகம்: மாடி வேண்டாம் என்றால் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து பிடிக்கலாமா?

பாரிமுனை டிராம்

கூடாது. டீக்கடை, ஓட்டல், ரயில் நிலையம் எல்லாம் பொது இடம். 2008 அக்டோபர் 2 முதல் தடை, 200 ரூபாய்வரை அபராதம். பைப் என்பதால் சலுகை கிடையாது. ராயபுரம் ஸ்டேஷன் 1856லிருந்து நிற்கிறது, அங்கே பிளாட்பாரத்தில் பைப்போடு நின்றால் படம் எடுக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் படம் எடுப்பவர் ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) ஆக இருப்பார்.

மூலக்கொத்தளம்

கல்மண்டபத்தான், பையன் வருகிற நேரத்தில் எடுப்பதில்லை என்றதற்கு நன்றி. கூடத்திலும் வேண்டாம். பாயாசம் மாதிரி மணப்பதால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், எழுந்து போகவும் மாட்டார்கள், அதுதான் சிக்கல். சிகரெட் என்றால் அந்த அக்கா படியேறி வந்திருக்க மாட்டார். இதை முகர்ந்துகொண்டு பக்கத்திலேயே நிற்பார்.

பாக்கெட் தீரும்போது நிறுத்தலாம் என்று தோன்றினால் புகையிலையை விட உதவும் எண் 1800-11-2356. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். என் அப்பா அதில்தான் பேசினார்.

வண்ணை வாசி

மீதிச் சரக்கை எதில் வைத்திருக்கிறீர்கள்? பாக்கெட்டிலேயே விட்டால் இந்த மழைக்குப் பூசணம் வரும். ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி, இறுக்கமாக மூடி, இருட்டான அலமாரியில். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பையன் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள், மணத்துக்கு மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுவிடப் போகிறான். கொஞ்சம் உள்ளே போனாலும் வாந்தி, மயக்கம் வரும்.

கல்மண்டபத்தான்

ஹார்லிக்ஸ் பாட்டில்தான் இருந்தது, அதில் போட்டு மேல் தட்டில் வைத்துப் பூட்டிவிட்டேன். அம்மா திறந்து பார்த்துவிட்டு, டீயில் ஒரு ஸ்பூன் போடலாமா என்று கேட்டார். மேலே பெரிதாக எழுதி ஒட்டியாகிவிட்டது.